கணினி கேள்வி கேட்கும்போது: புதியவர்களுக்கான பாதுகாப்பு வழிகாட்டி

சித்தியின் மடிக்கணினி என் மேசைக்கு வந்தபோது, அதன் வலது கீழ் மூலையில் நிமிடத்துக்கு ஓர் எச்சரிக்கை முளைத்துக்கொண்டிருந்தது. ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’, ‘வங்கி விவரங்கள் கசிகின்றன’, ‘உடனே சுத்தம் செய்க’. பயந்துபோய் மூன்று நாளாக அதைத் திறக்காமலே வைத்திருந்தார். பார்த்தால் வைரஸ் எதுவும் இல்லை. ஏதோ ஒரு தளம், காணொளியைக் காட்டுவதற்கு முன்னால், ‘நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கிறது. அவரும் அழுத்திவிட்டார். அவர் கொடுத்தது, அறிவிப்பு அனுப்பும் உரிமை. அதை வைத்துக்கொண்டு அந்தத் தளம், வைரஸ் எச்சரிக்கை போலத் தோன்றும் விளம்பரங்களை வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தது. உலாவியின் அமைப்புகளுக்குள் போய் அந்தத் தளத்தின் பெயரை நீக்கினேன். மூலை அடங்கியது. அரை நிமிட வேலை.

வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் கணினி பார்த்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: பூட்டை உடைத்துக்கொண்டு யாரோ உள்ளே வந்தார்கள் என்ற கதை மிக அபூர்வம். கணினி ஒரு கேள்வி கேட்டிருக்கும். எதிரே உட்கார்ந்திருந்தவர் ‘சரி’ என்றிருப்பார். ஆகவே புதியவருக்கு வேலை இரண்டுதான். பூட்டுகளைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒருநாள் மாலை போதும். கணினி எதையாவது கேட்கும்போது, கேட்பது யார், எதைக் கேட்கிறார் என்று பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அது தினசரி வேலை.

முதல் வேலை: புதுப்பிப்பு

இன்று ஒரே ஒரு காரியத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் ‘அமைப்புகள்’ திறந்து, ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதிக்குப் போங்கள். மேக் என்றால் ஆப்பிள் சின்னம், ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘ஜெனரல்’, ‘சாஃப்ட்வேர் அப்டேட்’. காத்திருப்பதையெல்லாம் நிறுவச் சொல்லிவிட்டு, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கியே வைத்திருங்கள்.

‘பிறகு நினைவூட்டு’ என்று தள்ளிப்போடுவதால் என்ன ஆகிவிடும்? 2017 மே 12 அன்று வானாகிரை என்ற ரான்சம்வேர் பரவத் தொடங்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் ரகம். 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகள் முடங்கின. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம், மருந்து கையில் இருந்தும் சாப்பிடாமல் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

உலாவிக்கும் இதே கதைதான். 2023 செப்டம்பரில், வெப்பி வகைப் படங்களைத் திறந்து காட்டும் ஒரு நிரல் தொகுப்பில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உட்பட ஏராளமான மென்பொருள்கள் அதே தொகுப்பைத்தான் பயன்படுத்தின. சூழ்ச்சியாகத் தயாரித்த ஒரு படம் இருக்கும் பக்கத்தைத் திறந்தாலே போதும். வேறெதையும் அழுத்த வேண்டியதில்லை. இரண்டு உலாவிகளும் மளமளவென்று சரிசெய்து வெளியிட்டன. ஆனால் உலாவி பின்னணியில் தன் புதிய பதிப்பைத் தரவிறக்கி வைத்துக்கொண்டாலும், அதை மூடித் திறந்தால்தான் புதியது வேலைக்கு வரும். நாற்பது டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் கணினியைத் தூங்க மட்டும் வைப்பவர்கள் பழைய ஓட்டையோடுதான் உலவிக்கொண்டிருப்பார்கள். குரோமில் மூன்று புள்ளிகள், ‘உதவி’, ‘கூகுள் குரோம் பற்றி’. ஃபயர்ஃபாக்ஸில் மூன்று கோடுகள், ‘உதவி’, ‘ஃபயர்ஃபாக்ஸ் பற்றி’. அந்தப் பக்கத்தைத் திறந்ததுமே உலாவி தன்னைச் சோதித்துக்கொள்ளும். ‘மீண்டும் தொடங்கு’ என்று பொத்தான் வந்தால் அழுத்துங்கள். டேப்கள் போய்விடுமோ என்று கவலைப்பட வேண்டாம், திரும்ப வந்துவிடும்.

இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினி முன்போலவே ஓடும், அதுதான் ஆபத்து. மைக்ரோசாஃப்டின் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணினிகளில், ஓட்டைகள் தெரியவந்தாலும் இனி அடைக்கப்படா. கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், உலாவவும் எழுதவும் படம் பார்க்கவும் மட்டும் பயன்படும் பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவுவது நல்ல வழி. பயமுறுத்தும் பெயர்தான், பழக ஒரு வாரம் ஆகாது.

யாருடைய பெயரில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

புதிய விண்டோஸ் கணினியில் முதலில் உருவாகும் கணக்கு நிர்வாகி கணக்கு. எதையும் நிறுவலாம், எதையும் அழிக்கலாம். அந்தக் கணக்கில் நீங்கள் இருக்கும்போது உள்ளே வரும் தீநிரலுக்கும் அந்த அதிகாரத்தைப் பிடுங்கிக்கொள்வது எளிது. தினசரி வேலைக்குச் சாதாரணக் கணக்கு போதும். ‘அமைப்புகள்’, ‘கணக்குகள்’, ‘பிற பயனர்கள்’ போய்ப் புதிதாக ஒரு நிர்வாகி கணக்கை உருவாக்கி, கடவுச்சொல்லைப் பத்திரப்படுத்துங்கள். அதில் ஒருமுறை நுழைந்து பார்த்து, அங்கிருந்தபடியே உங்கள் பழைய கணக்கைச் ‘சாதாரணப் பயனர்’ என்று மாற்றிவிடுங்கள். உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும். இனி எதையாவது நிறுவும்போது கணினி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். ஆட்டம் பார்க்கும்போதோ செய்தி படிக்கும்போதோ அது திடீரென்று கேட்டால், கேட்பவர் நீங்கள் அழைக்காத ஆள் என்று தெரிந்துவிடும்.

வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் வாங்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. அதை அணைக்காமல் இருந்தாலே புண்ணியம். ‘கணினியை வேகமாக்கும்’, ‘குப்பையைத் துடைக்கும்’ என்று விளம்பரம் வரும் இலவச மென்பொருள்கள் ஒன்றுகூட வேண்டாம்.

உலாவியைத் துப்புரவாக்குங்கள்

சித்திக்கு வந்த தொல்லை உங்களுக்கு வராமலிருக்க, குரோமில் ‘அமைப்புகள்’, ‘தனியுரிமையும் பாதுகாப்பும்’, ‘தள அமைப்புகள்’, ‘அறிவிப்புகள்’ என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். முகம் தெரியாத பெயர்களையெல்லாம் நீக்குங்கள். எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக் கேட்கவே கூடாது என்ற தேர்வும் அங்கேயே உண்டு. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். எதையும் இழந்ததாக இதுவரை தோன்றியதில்லை. அப்படியே கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றின் பட்டியல்களையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நீட்சிகள். உலாவிக்குள் நாம் சேர்க்கும் இந்தச் சின்னச் சின்னக் கருவிகளை நிறுவும்போது, ‘எல்லா வலைத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் முடியும்’ என்று ஒரு வரி வரும். யாரும் படிப்பதில்லை. படித்துப் பாருங்கள்: மின்னஞ்சல், வங்கிப் பக்கம், அதில் நீங்கள் தட்டும் எழுத்து எல்லாம் அதில் அடக்கம். நல்ல நீட்சி என்றே நிறுவினாலும் அது நல்லதாகவே இருக்கும் என்று உறுதியில்லை. தி கிரேட் சஸ்பெண்டர் என்றொரு நீட்சி, பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தியது. 20 லட்சம் பேர் அதை வைத்திருந்தார்கள். 2020-இல் அதை உருவாக்கியவர் அதை வேறொருவர் கைக்கு மாற்றிக்கொடுத்தார். தீநிரல் இருக்கிறது என்று 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்க வேண்டியதாயிற்று. பயன்படுத்தியவர்கள் செய்த தவறு ஒன்றும் இல்லை. கைமாறியது அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எனவே நீட்சிகளைத் திறந்து, கடந்த மாதம் தொடாததையெல்லாம் எடுத்துவிடுங்கள். ஐந்துக்கு மேல் மிஞ்சினால் மறுபடி ஒருமுறை யோசியுங்கள்.

வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: விளம்பரத் தடுப்பான். எரிச்சலைக் குறைப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தேடுபொறியில் ஒரு மென்பொருளின் பெயரைத் தட்டினால், முதலில் வரும் ‘விளம்பரம்’ என்ற வரி பல சமயம் போலித் தளத்துக்கு அழைத்துப் போகிறது. அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ, 2022 டிசம்பரில் இந்த மோசடியைப் பற்றி எச்சரித்தபோது, விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் பதிப்பு.

மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) பாதுகாப்பு தராது. மூடியதும் உலாவல் வரலாறு உங்கள் கணினியில் தங்காது. அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள்

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் நம்பலாம் என்று ஒரு காலத்தில் நாங்களே சொல்லிக்கொடுத்தோம். அந்தப் பாடத்தை மறந்துவிடுங்கள். உங்களுக்கும் தளத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும்தான் பூட்டு சொல்லும். எதிரே இருப்பவர் திருடரா என்று அது பார்ப்பதில்லை. அதற்கான சான்றிதழ் 2015 முதலே இலவசமாகக் கிடைக்கிறது; திருடர்களும் வாங்கிக்கொள்கிறார்கள். இந்தக் குழப்பத்தால்தான் குரோம் 2023-இல் பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

பார்க்க வேண்டியது முகவரியை. இப்படி ஒரு கற்பனை முகவரியை எடுத்துக்கொள்வோம்:

உங்கள்வங்கி.காம்.சரிபார்ப்பு-சேவை.நெட்/உள்நுழை

கண் முதலில் ‘உங்கள்வங்கி.காம்’ என்பதில் போய் நிற்கும். நிற்கவேண்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அதற்கு இடப்பக்கம் கடைசியாக உள்ள இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் படியுங்கள். ‘சரிபார்ப்பு-சேவை.நெட்’. தளத்தின் சொந்தக்காரர் அவர்தான். முன்னால் ஒட்டியிருப்பது அவர் தன் விருப்பத்துக்கு எழுதிக்கொண்ட பெயர்ப்பலகை. சில நாடுகளின் முகவரிகளில் இரண்டுக்குப் பதில் மூன்று துண்டுகள் இருக்கும், முறை மாறாது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2017-இல் ஓர் ஆய்வாளர், ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியைப் போலவே அச்சு அசலாகத் தெரியும் ஒன்றை, ரஷ்ய மொழியை எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்துகளால் பதிவுசெய்து காட்டினார். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அன்று அதை ஆங்கில எழுத்துப் போலவே காட்டின. எத்தனை கூர்மையான கண்ணும் தோற்கும் இடம் அது. அங்கேதான் கடவுச்சொல் மேலாளர் கைகொடுக்கிறது. உங்கள் கடவுச்சொற்களையெல்லாம் தானே உருவாக்கி, பூட்டி வைத்து, உரிய தளத்தில் நிரப்பிக்கொடுக்கும் மென்பொருள் அது. அது முகவரியைக் கண்ணால் பார்ப்பதில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. வழக்கமாகத் தானே நிரப்பும் இடத்தில் அது சும்மா இருந்தால், கையால் தட்டத் தொடங்காதீர்கள். அந்த மௌனம்தான் எச்சரிக்கை.

பிட்வார்டன் போன்ற தனி மேலாளர் நல்லது. உலாவிக்குள்ளேயே இருக்கும் மேலாளரும், ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடத்தில் வைப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் சலித்து விட்டுவிடுவீர்கள். முதலில் மின்னஞ்சல், மற்ற எல்லாக் கணக்குகளின் ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா’ இணைப்பும் அங்கேதான் வருகிறது. பிறகு வங்கி. மற்றவை அந்தந்தத் தளத்துக்குப் போகும்போது.

கடவுச்சொல்லுக்கு மேல் ஓர் எண்ணையும் கேட்கும் இரண்டாவது சரிபார்ப்பையும் இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, கைபேசியில் எண்ணை உருவாக்கும் செயலி மேல். ஆனால் போலித் தளம் அந்த எண்ணையும் உங்களிடம் கேட்டு வாங்கி, அந்த நொடியே உண்மையான தளத்தில் போட்டுவிட முடியும். கடவுச்சொல்லுக்குப் பதிலாக வந்திருக்கும் பாஸ்கீ என்ற புதிய முறை அந்தத் தந்திரத்துக்கு மசியாது. அது பிறந்த தளத்தின் முகவரிக்கு மட்டுமே வேலை செய்யும். வேறெங்கும் கொடுக்க நீங்களே நினைத்தாலும் முடியாது. தளம் பாஸ்கீ தருகிறதென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தரவிறக்கம் செய்த கோப்பின் வால்

2000 மே மாதம் உலகையே கலக்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், மின்னஞ்சலில் காதல் கடிதமாக வந்தது. கோப்பின் பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதுபோலத் தெரிந்தது; வெறும் எழுத்துக்கோப்பு என்று திறந்தார்கள். உண்மையில் அதற்குப் பின்னால் விபிஎஸ் என்று இன்னொரு வால் இருந்தது. அது நிரல். கடைசி வாலை விண்டோஸ் மறைத்துவிட்டது. கால் நூற்றாண்டு ஆகியும் விண்டோஸ் இயல்பாக அதை மறைத்தே வைக்கிறது. ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கோப்பு உலாவியை (ஃபைல் எக்ஸ்ப்ளோரர்) திறந்து, ‘வியூ’, ‘ஷோ’, ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை இயக்குங்கள். பிடிஎஃப் என்று நினைத்த ‘ரசீது’ இஎக்ஸ்இ என்று முடிந்தால், அதுவும் நிரல்தான், அழித்துவிடுங்கள்.

‘இந்த மூன்று விசைகளை அழுத்துங்கள்’

இப்போது பரவலாக நடக்கும் ஒரு மோசடியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு பக்கம் திறக்கிறது. ‘நான் ரோபோ அல்ல’ என்ற கட்டம். அழுத்துகிறீர்கள். ‘சரிபார்ப்பை முடிக்க மூன்று படிகள்’ என்று வருகிறது: விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தவும், கன்ட்ரோலோடு வி அழுத்தவும், என்டர் அழுத்தவும். எதையும் தரவிறக்கச் சொல்லவில்லை, கடவுச்சொல் கேட்கவில்லை. அப்பாவியாகத்தான் தெரிகிறது.

நடப்பது இது. நீங்கள் கட்டத்தை அழுத்திய நொடியில் அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் நகல் நினைவகத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டது. விண்டோஸ் விசையும் ஆரும் சேர்ந்து, இயங்குதளத்துக்கு நேரடியாகக் கட்டளையிடும் ‘ரன்’ பெட்டியைத் திறக்கின்றன. கன்ட்ரோல் வி அந்தக் கட்டளையை ஒட்டுகிறது. பெட்டி சிறியது, கட்டளையின் வால் மட்டுமே தெரியும். அங்கே ‘சரிபார்ப்பு எண் இத்தனை’ என்று எழுதி வைத்திருப்பார்கள். என்டர் தட்டியதும் திருட்டு நிரல் இறங்கி, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும், நீங்கள் உள்நுழைந்திருப்பதைத் தளங்களுக்கு நினைவூட்டும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். மேக்கில் ‘டெர்மினல்’ திறக்கச் சொல்வார்கள், விஷயம் ஒன்றே.

ஏன் இத்தனை சுற்று? உலாவி, வலைப்பக்கங்களை ஒரு கூண்டுக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறது. பக்கத்தால் கூண்டைத் தாண்டி உங்கள் கணினியில் கட்டளை எதையும் இயக்க முடியாது. கூண்டை உடைப்பது கடினம், செலவும் அதிகம். வெளியே இருக்கும் உங்கள் கையைக் கடன் வாங்குவது எளிது. எனவே ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மனிதரா என்று சோதிக்கும் எந்த நேர்மையான பக்கமும் உலாவிக்கு வெளியே எதையும் திறக்கச் சொல்லாது.

இதன் தம்பி, திரையை முழுக்க அடைத்துக்கொண்டு சைரன் ஒலிக்க, ‘கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று மிரட்டும் பக்கம். அது வெறும் வலைப்பக்கம். எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். அல்லது ஆல்ட்டும் எஃப் 4-உம். அதற்கும் மசியாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த எண்ணை மட்டும் அழைக்கவே அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டோ ஆப்பிளோ எச்சரிக்கைச் செய்தியில் தொலைபேசி எண் போடுவதில்லை.

காப்புப்பிரதி

வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வாரம் ஒருமுறை முக்கியமானவற்றை நகலெடுத்து, உடனே கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும். கூகுள் டிரைவ் போன்ற மேகச் சேமிப்பு இருக்கிறதே என்பீர்கள். கணினியில் கெட்டுப்போன கோப்பு அங்கேயும் கெட்டதாகவே போய்ச் சேரக்கூடும். பழைய பதிப்புகளை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நகலைத் திறந்தும் பாருங்கள். ஒருமுறை என் வட்டு பழுதானபோது, காப்புப்பிரதி இருக்கிறதென்று தெம்பாக இருந்தேன். திறந்தால், முகப்புத் திரையில் இருந்த குறுக்குவழிச் சின்னங்களை மட்டும் பத்திரமாக நகலெடுத்து வைத்திருக்கிறேன். அம்புக்குறி போட்ட பன்னிரண்டு சின்னங்கள், பின்னால் ஒரு கோப்பும் இல்லை.

ஏற்கெனவே அழுத்திவிட்டீர்களா?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், நேரம் போகும். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள்: வைஃபையை அணையுங்கள், கம்பி இருந்தால் பிடுங்குங்கள். அந்தக் கணினியில் எந்தக் கடவுச்சொல்லையும் மாற்றாதீர்கள். தட்டுவதைத் திருட்டு நிரல் பார்த்துக்கொண்டிருக்கலாம். கைபேசியையோ வேறு கணினியையோ எடுத்து, மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கூடவே ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்: திருடிய குக்கியை வைத்திருப்பவர் ஏற்கெனவே உள்ளே இருப்பவர், கடவுச்சொல் மாறினாலும் சில தளங்கள் அவரை வெளியே தள்ளுவதில்லை. பிறகு வங்கி, அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணையே அழையுங்கள், தேடுபொறியில் கிடைக்கும் எண்ணை வேண்டாம்.

கணினியைப் பொறுத்தவரை, அறிவிப்புத் தொல்லை மட்டும் என்றால் அனுமதியை நீக்கினால் முடிந்தது. ‘ரன்’ பெட்டியில் எதையாவது ஒட்டி என்டர் தட்டியிருந்தால், வைரஸ் சோதனை ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, இயங்குதளத்தை முதலிலிருந்து மறுபடி நிறுவிவிடுவேன்.